துணி காயப்போடும் மர ஸ்டாண்டு கிட்: மரம் பாஸ், நட்டு ஃபெயில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த கிட்டில் மரம் நன்றாக இருக்கிறது, ஆனால் மரத்தை மரத்தோடு சேர்க்கக் கொடுத்திருக்கும் சாமான் ஒன்றுகூடத் தேறவில்லை. நட்டு, போல்ட், பசை, கயிறு நான்கையும் தனியாக வாங்கிக்கொள்ளத் தயார் என்றால் தாராளமாக வாங்கலாம். பெட்டியைப் பிரித்தோமா, மாலைக்குள் பூட்டினோமா, துணியைப் போட்டோமா என்று இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த அமைப்பில் எந்த ஸ்டாண்டு வாங்கினாலும், நீங்களே மரம் வாங்கிச் செய்தாலும், பார்க்க வேண்டிய இடங்கள் இவையேதான்.

அமைப்பு சிக்கலானது இல்லை. ஏணி மாதிரி இரண்டு சட்டகம், ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. இரண்டும் நடுவில் ஒரு போல்டில் குறுக்காக மாட்டியிருக்கும், விரித்தால் பக்கவாட்டில் பெருக்கல் குறி. கால் ஒவ்வொன்றும் 120 செ.மீ. நீளம், 40 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன். சட்டகத்துக்கு ஐந்து உருளைக் கம்பு, மொத்தம் பத்து. கம்பின் குறுக்களவு 15 மி.மீ., நீளம் சுமார் 75 செ.மீ. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 7.5 மீட்டர் துணி காயப்போடும் இடம் என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கம்பு, ஏனென்றால் இந்த கிட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. துணி ஸ்டாண்டு வாங்குகிற பலர் கால் எவ்வளவு தடி என்று பார்ப்பார்கள், கம்பைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் தொய்வது கம்பு. உருளைக் கம்பின் விறைப்பு குறுக்களவின் நான்காம் மடியில் ஏறும், அதாவது 12 மி.மீ. கம்புக்குப் பதில் 15 மி.மீ. போட்டால், பார்க்க 3 மி.மீ. வித்தியாசம்தான், விறைப்பு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அதேபோல நீளம் கூடினால் தொய்வு அதன் மும்மடியில் கூடும். 12 மி.மீ. பீச் (beech) மரக் கம்பு ஒரு மீட்டர் நீளத்தில் இருந்தால், ஒரு கிலோ ஈரத்துணியைப் பரப்பிப் போட்டதுமே நடுவில் ஒரு செ.மீ. இறங்கும், இரண்டு கிலோ போட்டால் இரண்டு செ.மீ. துணி எல்லாம் நடுவுக்கு வழுக்கி வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எங்கே காய்வது. இந்த கிட்டின் 15 மி.மீ., 75 செ.மீ. கம்பில் அதே ஒரு கிலோவுக்குத் தொய்வு 2 மி.மீ.கூட வராது. நனைந்த ஜீன்ஸ் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் கம்பு நேராக நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில் டிசைன் செய்தவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

கம்பில் இன்னொன்று பார்க்க வேண்டும், இழை ஓட்டம். பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு கம்பையும் வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பாருங்கள். இழை கம்பின் நீளத்தோடு ஒட்டியே ஓடினால் நல்லது. சாய்வாக ஓடி, கம்பின் பக்கத்தில் வெளியே வந்து முடிந்தால், அந்தக் கம்பு என்றாவது அந்த இடத்தில்தான் பிளந்து முறியும், அதுவும் நீளமான சிராயோடு. எனக்கு வந்த பத்தில் எட்டு நேர் இழை, ஒன்று சுமார், ஒன்று மோசம். மோசமானதைக் கீழ் வரிசைக்குத் தள்ளிவிட்டேன், அங்கே கனமான துணி எதுவும் போடப் போவதில்லை. கணு ஒன்றுமில்லை. பைன் மரக் கம்பு வரும் ஸ்டாண்டுகளில் கணுதான் முதல் எதிரி, கணு உள்ள இடத்தில் முறியும், போதாக்குறைக்கு அங்கிருந்து கசியும் பிசின் வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக ஒட்டும்.

மரம் பீச். நெருக்கமான இழை, வெளிர் நிறம், பிசின் கிடையாது, இழைத்தால் வழவழப்பாக வரும், ஆக துணி படும் சாமானுக்கு நல்ல தேர்வு. ஓக் மாதிரி டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரமாக இருந்தால், இரும்பு ஆணியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மையைப்போல் கருநீலக் கறை ஊறும், அது துணியில் ஏறினால் போகாது. பீச்சில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பீச்சுக்கு இரண்டு பலவீனம் உண்டு. ஒன்று, வெளியில் மழை வெயிலில் வைத்தால் சீக்கிரம் மக்கும். மரங்களின் ஆயுளைத் தரம் பிரிக்கும் ஐரோப்பிய முறையில் பீச் கடைசிப் படியில் இருக்கிறது. அதனால் மாடியில், பால்கனியில் விட்டுவைக்க இதை வாங்காதீர்கள், வீட்டுக்குள் மட்டும்தான். இரண்டாவது, ஈரத்துக்கு நிறைய உப்பும், காய்ந்தால் நிறையச் சுருங்கும். பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காயும்வரை ஆண்டு வளையத்தின் போக்கில் பீச் சுமார் 12 சதவீதம் சுருங்கும், தேக்கு அதில் பாதிதான். நீளவாக்கில் எந்த மரமும் ஏறக்குறைய அசையாது, குறுக்குவாக்கில்தான் இந்த ஆட்டமெல்லாம், அதுவும் இரண்டு குறுக்குத் திசையில் இரண்டு விதமாக. அதனால் வட்டமாக வரும் கம்பு நாளடைவில் லேசாக நீள்வட்டம் ஆகும். துளையும் அப்படித்தான். இறுக்கமாக இருந்த மூட்டு தளர்வதற்குப் பாதிக் காரணம் இது, மீதிப் பாதி கிட்டில் கொடுத்திருக்கும் பசை.

சரி, பூட்டுகிற வேலைக்கு வருவோம். விளக்கத்தாள் ஒரே ஒரு பக்கம், அதில் படங்கள் மட்டும். படத்தில் சொல்லாத முக்கியமான விஷயம், கம்பு இரண்டு நீளத்தில் வருகிறது. வெளிச் சட்டகத்துக்குள் உள் சட்டகம் புகுந்து திரும்ப வேண்டும் அல்லவா, அதனால் இரண்டு பக்கமும் ஒரு கால் தடிமனும் ஒரு வாஷரும் சேர்த்து வெளிக் கம்புகள் 44 மி.மீ. அதிகம். பத்துக் கம்பையும் ஒரே கட்டாகக் கட்டி, எந்தக் குறியும் இல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். தரையில் செங்குத்தாக நிறுத்தித் தட்டினால் ஐந்து ஐந்தாகப் பிரிந்துவிடும், அரை நிமிட வேலைதான். ஆனால் தெரியாமல் ஒரு நீளக் கம்பை உள் சட்டகத்தில் பசையோடு அடித்தவர் கதி அவ்வளவுதான், கழற்ற வராது. கம்பு முனையில் ஒரு சொட்டுப் பெயின்ட் வைத்து அனுப்ப என்ன செலவு ஆகிவிடும்?

காலில் உள்ள துளைகள் மறுபக்கம் வராத குருட்டுத் துளைகள், 12 மி.மீ. ஆழம். துளை போட்டது சுத்தமாக இருக்கிறது, விளிம்பில் பிசிறு இல்லை, நான்கு காலையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துப் பார்த்தால் துளைகள் ஒரே கோட்டில் வருகின்றன. நீங்களே செய்வதாக இருந்தால் நான்கு காலையும் கிளாம்ப் போட்டுச் சேர்த்துக் கட்டி, மூலைமட்டத்தால் ஒரே கோடாகக் குறித்துவிட்டுத்தான் துளை போட வேண்டும், தனித்தனியாக அளந்தால் ஒரு மி.மீ. ஒரு மி.மீ.யாகப் பிழை சேர்ந்து சட்டகமே முறுக்கிக்கொள்ளும். கிட் வாங்குவதில் கிடைக்கும் உண்மையான லாபம் இந்தத் துளைகள்தான் என்று சொல்வேன். ஒரே சீராக இருபது துளை, ஒரே ஆழத்தில், கையில் டிரில் பிடித்துப் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஆனால் குருட்டுத் துளையில் ஒரு சங்கடம் உண்டு. துளைக்குள் பசையை ஊற்றிக் கம்பை அடித்தால், உள்ளே மாட்டிய காற்றுக்கும் பசைக்கும் வெளியே போக வழி இருக்காது. கம்பு பாதியில் நின்றுவிடும், விடாமல் சுத்தியலால் அடித்தால் கால் பிளக்கும். கம்பு முனையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருந்தால் இந்தத் தொல்லை வராது, கிட்டில் வெட்டவில்லை. கத்தியால் முனையில் ஒரு பக்கமாக நீளவாக்கில் லேசாகச் சீவிவிடுங்கள், பென்சில் சீவுகிற அளவுகூட வேண்டாம், மெல்லிய ஒரு பட்டை போதும். பசை அந்த வழியாக மேலே வந்துவிடும். ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிட வேண்டும், பசை காய்ந்த இடத்தில் பிறகு எண்ணெயோ வார்னிஷோ ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

பசை என்று அவர்கள் கொடுத்திருப்பது சின்ன பாக்கெட்டில் வெள்ளையாக ஏதோ ஒன்று, என்ன வகை, எந்தத் தரம் என்று ஒரு வார்த்தை இல்லை. தூக்கிப் போட்டுவிட்டேன். சாதாரண வெள்ளை மரப்பசை ஈரத்தில் இளகும். ஈரத்துணி நாள் தவறாமல் தொங்கும் சாமானுக்கு, டப்பாவில் டி3 (D3) என்று போட்டிருக்கும் பசை வேண்டும். இஎன் 204 (EN 204) என்ற ஐரோப்பியத் தரத்தில் டி1 முதல் டி4 வரை நான்கு படி உண்டு, அதில் மூன்றாவது இது, வீட்டுக்குள் அடிக்கடி தண்ணீர் படும் இடத்துக்கு என்று வகுத்தது. டி4 இன்னும் நல்லது, ஆனால் இந்த வேலைக்கு டி3 தாராளம்.

பசை போடுமுன் எல்லாவற்றையும் வெறுமனே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். பசை போட்டபின், காய்வதற்குள், சட்டகத்தின் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டகம் கோணாமல் இருக்கிறது, 3 மி.மீ. 4 மி.மீ. வித்தியாசம் வந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரண்டு முனையையும் பிடித்து அமுக்கிச் சரிசெய்து, கிளாம்ப் போட்டோ கயிற்றை முறுக்கிக் கட்டியோ விட வேண்டும். இதைத் தவறவிட்டால் ஸ்டாண்டு நான்கு காலில் நிற்காது, மூன்றில்தான் நிற்கும். பிறகு காலுக்கடியில் அட்டை மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். விளக்கத்தாளில் இதுபற்றி ஒரு படமும் இல்லை.

இப்போது அந்த நட்டு. நடுவில் இரண்டு சட்டகத்தையும் சேர்ப்பது பக்கத்துக்கு ஒரு எம்6 போல்ட், அதாவது 6 மி.மீ. தடிமன். முழு நீளத்துக்கும் மரை வெட்டியது, 50 மி.மீ., சாதாரண நட்டு, மெல்லிய வாஷர். மூன்றும் தப்பு. ஸ்டாண்டை மடிக்கும்போதும் விரிக்கும்போதும் கால்கள் இந்த போல்டைச் சுற்றித்தான் திரும்புகின்றன. சாதாரண நட்டு அந்தத் திருகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும், இறுக்கினால் மரத்தை நெரித்து ஸ்டாண்டு மடங்காது, தளர்த்தினால் தானாகக் கழலும், நடுவில் ஒரு நிலை அதற்குத் தெரியாது. மரையோ, துளையின் உள்பக்கத்தை ஒவ்வொரு தடவையும் அரம் போட்ட மாதிரி தின்னும். போல்ட் தலையைச் சுற்றி மெல்லிசாக மரத்தூள் உதிர்ந்து கிடந்தால், துளை அகலமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மாற்ற வேண்டியது இதுதான்: உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டு, தலைக்குக் கீழே மரை இல்லாத வெறும் தண்டு உள்ள போல்ட், மரத்தில் பதியாத அகல வாஷர் இரண்டு பக்கமும், இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாஷர். போல்ட் 50 மி.மீ. போதாது. கால் இரண்டும் சேர்ந்தே 40 மி.மீ., வாஷர் மூன்றும் ஒரு 5, 6 மி.மீ., லாக் நட்டு சாதாரண நட்டைவிட உயரம், நைலான் வளையத்தைத் தாண்டி மரை வெளியே வந்தால்தான் அது பிடிக்கும். ஆக 60 மி.மீ. வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகு, 304 தரம். சாதாரண முலாம் பூசிய போல்ட் ஈரத்தில் முதலில் மரைப் பக்கம்தான் துருவைக் காட்டும், அது சட்டைக் கையில் பட்டுக் கறையாக வந்தபின் போல்டை மாற்றி என்ன பயன். இறுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு, நட்டு வாஷரைத் தொட்டு நின்றதும் கால்வாசிச் சுற்று பின்னால் விடுங்கள், கால் ஆடவும் கூடாது, மடக்க முட்டி போட்டு அமுக்கவும் கூடாது. இதைச் செய்த பிறகு ஸ்டாண்டு வேறு ஸ்டாண்டு. கிறீச் சத்தம் நின்றுவிட்டது, ஒற்றைக் கையால் மடிக்க முடிகிறது.

கயிறு. விரித்த கால்கள் மேலும் விரிந்து சரிந்துவிடாமல் அடியில் ஒரு பருத்திக் கயிறு கட்டச் சொல்கிறார்கள். முடிச்சு நழுவுகிறது, பாரம் ஏற ஏறக் கயிறும் நீள்கிறது. பின்னல் போட்ட நைலான் கயிறு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று தாங்கும், இல்லாவிட்டால் மொத்த ஈரத்துணியும் தரையில். கயிற்றின் நீளத்தில்தான் இந்த ஸ்டாண்டின் சூட்சுமமே இருக்கிறது. அடியில் 60 செ.மீ. விரித்தால் உயரம் சுமார் 104 செ.மீ., பக்கத்துப் பக்கத்துக் கம்பில் தொங்கும் துணிகளுக்கு நடுவே இடைவெளி 10 செ.மீ. 80 செ.மீ. விரித்தால் உயரம் 89 ஆகக் குறையும், இடைவெளி 13 செ.மீ. ஆகும். தடித்த டவல், ஜீன்ஸ் என்றால் எனக்கு அகல நிலைதான் பிடித்திருக்கிறது, சட்டை, உள்ளாடை என்றால் குறுகல் போதும். கயிற்றில் இரண்டு இடத்தில் வளையம் போட்டுக்கொண்டால் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி கொடுத்திருப்பது குறுகல் நிலைக்கு மட்டுமான நீளம்.

அந்த 7.5 மீட்டர் கணக்கு இப்போது. பத்துக் கம்பு, தலா 75 செ.மீ., பெருக்கினால் சரிதான். ஆனால் பெருக்கல் குறியின் மேல் பாதியில் சட்டகத்துக்கு மூன்று கம்பு, கீழ்ப் பாதியில் இரண்டு. கீழே உள்ள நான்கும் மேலே தொங்கும் துணிக்கு நேர் அடியில் இருக்கின்றன, கடைசி வரிசை தரையிலிருந்து 13 செ.மீ. உயரம்தான். அங்கே சாக்ஸ், கைக்குட்டை போடலாம், அதுவும் மேலே துணி போடுவதற்கு முன்னால் குனிந்து போட வேண்டும். மேலே உள்ள ஆறில்கூட, போல்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜோடி 65 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது, 140 செ.மீ. டவலை இரண்டாக மடித்துப் போட்டால் தரையைத் துடைக்கும். உருப்படியாகத் துணி போட மேல் கம்பு ஆறு, அதாவது 4.5 மீட்டர். ஒரு லோடு சட்டை, பனியன், இரண்டு டவல் அடங்கும். படுக்கை விரிப்பு சேர்ந்தால் அடங்காது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், இந்த வடிவத்தின் குணமே அது. பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து இரண்டு லோடு போடலாம் என்று கனவு காணாதீர்கள், அவ்வளவுதான்.

வடிவத்தின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். மேல் கம்பு இரண்டும் நடுவிலிருந்து இருபக்கமும் 27.5 செ.மீ., கால் நுனி 30 செ.மீ. ஆக எந்தக் கம்பில் எவ்வளவு கனம் போட்டாலும் அது காலுக்கு உள்ளேதான் இறங்குகிறது, ஒரு பக்கம் மட்டும் கனத்தைப் போட்டாலும் சாயாது. இறக்கை மாதிரி இருபக்கமும் நீட்டும் கம்பி ஸ்டாண்டுகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது, ஒரு பக்கம் முதலில் நிரப்பினால் கவிழ்ந்துவிடும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் வேறு கவனம் வேண்டும், இழுத்தால் எந்த ஸ்டாண்டும் வரும், கால்கள் குறுக்கே போகிற இடத்தில் விரல் மாட்டினால் நசுங்கும். மடிக்கும்போது குழந்தை பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு எந்தப் பூச்சும் இல்லாமல் வெறுமையாக அனுப்புகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, மட்டமான வார்னிஷைச் சுரண்டி எடுக்கும் வேலை மிச்சம். ஆனால் அப்படியே பயன்படுத்தினால் பீச் சீக்கிரம் சாம்பல் பூத்து, ஈரம் தங்கும் இடத்தில் கரும்புள்ளி விழும். பூட்டுவதற்கு முன்பே 120 உப்புத்தாள், பிறகு 180. அப்புறம் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். இழைகள் எழும்பிச் சொரசொரப்பாகும், அதை 220 தாளால் லேசாக எடுத்துவிடுங்கள். இந்தப் படியை விட்டால் முதல் ஈரத்துணி அந்த வேலையைச் செய்யும், உங்கள் மெல்லிய மேல்சட்டையில் நூல் இழுக்கும். பூச்சுக்கு, தண்ணீர் கலந்து வரும் தெளிந்த பாலியூரித்தேன் வார்னிஷ் மெல்லிசாக மூன்று கை. மூட்டு முனைகளில், காலின் அடி நுனியில் கூடுதலாக ஒரு கை, மரம் தண்ணீர் குடிப்பது அந்த நுனி வழியாகத்தான். பசை பிடிக்க வேண்டிய கம்பு முனையில் மட்டும் பூச்சு படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசினால் அழகாக இருக்கும் என்பார்கள், இருக்கும்தான், ஆனால் முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் வெள்ளைத் துணி போட்டால் மஞ்சள் கோடு விழும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும், சுருட்டிய துணிக்குள் அது தேங்கி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். மெழுகு வேண்டாம், துணியில் ஒட்டும். எந்தப் பூச்சு போட்டாலும் கடைசியில் ஒரு சோதனை: பழைய வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, கம்பைச் சுற்றி ஒரு இரவு விட்டுவையுங்கள். காலையில் துணி வெள்ளையாக வந்தால் ஸ்டாண்டு தயார். நிறம் வந்தால் இன்னும் ஆறவில்லை. கருநீல ஜீன்ஸ், புதுச் சாயத்துணி எல்லாம் எப்போதும் ஒரே கம்பில் போடுவது நல்லது, பூச்சு தேய்ந்த இடத்தில் மரம் சாயத்தைக் குடித்து வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளைச் சட்டைக்குக் கொடுக்கும்.

காய்கிறதா? காய்கிறது. கம்பி ஸ்டாண்டில் வருகிற மாதிரி கூரான மடிப்புக் கோடு விழுவதில்லை, 15 மி.மீ. கம்பின் வளைவுக்கு டவல் மெதுவாக மடிகிறது. வழுக்கவும் இல்லை, கிளிப் தேவைப்படுவதில்லை. டவலை ஒரே கம்பில் மடித்துப் போடாமல், பக்கத்துப் பக்கத்துக் கம்பு இரண்டின் மேல் பாலம் மாதிரி போட்டால், இரண்டு பக்கமும் ஒட்டாமல் நடுவில் காற்று போகும், காயும் நேரத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் அப்படிப் போட்டால் இடம் பாதியாகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பளி ஸ்வெட்டரை எந்தக் கம்பிலும் தொங்கவிடாதீர்கள், தண்ணீர்க் கனத்தில் நீண்டுவிடும், ஸ்டாண்டை அகலமாக விரித்து மேல் கம்புகள்மீது வலைத்துணி போட்டு அதில் பரத்தலாம்.

ஆனால் ஸ்டாண்டின் தலையில் போட முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. துணி ஸ்டாண்டு தண்ணீரை எங்கேயும் அனுப்பாது, துணியிலிருந்து எடுத்து அறைக் காற்றில் விடும். மெஷின் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் பிழிந்தாலும், பருத்தித் துணியில் அதன் காய்ந்த எடையில் ஏறக்குறையப் பாதி அளவுக்குத் தண்ணீர் நிற்கும், 800 சுற்று என்றால் சுமார் 70 சதவீதம். காய்ந்த கணக்கில் 4 கிலோ துணி என்றால் 2 லிட்டர் முதல் கிட்டத்தட்ட 3 லிட்டர் வரை தண்ணீர், அத்தனையும் உங்கள் அறைக்குள்ளே. ஜன்னல் கதவு எல்லாம் சாத்திய அறையில் மூலைச் சுவரோரமாக ஸ்டாண்டை வைத்துவிட்டு, துணி நாறுகிறது, ஸ்டாண்டு சரியில்லை என்று ஒரு ஸ்டார் கொடுப்பவர்களை என்ன சொல்ல. அறைக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் போய் அப்படியே தங்கினால் சுவரில் பூஞ்சை. அந்த ஈரவாடைக்குக் காரணம் துணியிலேயே குடியிருக்கும் பாக்டீரியா. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற ஒன்றை இந்த வாடைக்கு முக்கியக் காரணமாக அடையாளம் காட்டினார்கள். துணி எவ்வளவு நேரம் ஈரமாகக் கிடக்கிறதோ அவ்வளவு அதற்குக் கொண்டாட்டம். ஆகவே கூடுதல் சுற்றில் பிழியுங்கள், சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், ஜன்னலைத் திறந்து ஃபேனைத் துணியின் விளிம்பைப் பார்த்துத் திருப்புங்கள், அதாவது காற்று துணிகளுக்கு நடுவே உள்ள சந்தில் ஓட வேண்டும், முன் துணியில் மோதி நிற்கக் கூடாது. ஹீட்டருக்கு, அடுப்புக்கு மிக அருகில் வேண்டாம், துணியும் மரமும் இரண்டுமே எரிகிற சாமான்.

பிளாஸ்டிக் பூசிய கம்பி ஸ்டாண்டோடு ஒப்பிட்டால், அது இலகு, பூட்டும் வேலை கிடையாது, நனைந்தால் கவலை இல்லை. ஆனால் பற்றவைத்த இடத்தில் பூச்சு வெடித்ததும் துரு, துரு வந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். மரத்தில் எதையும் தேய்க்கலாம், பூசலாம், மாற்றலாம். கம்பு மட்டும் விதிவிலக்கு, அதுவும் இந்த கிட்டின் குருட்டுத் துளையால் வந்த வினை.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. சாமானை மாற்றிய பிறகு நான்கு தரலாம், ஆனால் அந்த ஒரு மதிப்பெண் கம்பெனிக்குச் சேராது. பசை போட்டு இரண்டு குருட்டுத் துளைக்குள் மாட்டிய கம்பு முறிந்தால் புதுக் கம்பு நுழைக்க வழியே இல்லை, சட்டகத்தைப் பிரிக்கவும் முடியாது. அதனால் கையில் டிரில் உள்ளவர்கள், பூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரு பக்கக் காலில் மட்டும் அந்த ஐந்து துளையையும் 15 மி.மீ. பிட்டால் மறுபக்கம் வரை எடுத்துவிடுங்கள், பின்னால் ஒரு கட்டை வைத்து, பிசிறு வராமல். கம்பு அந்தப் பக்கம் 8 மி.மீ. கூடுதலாகப் போக வேண்டும், கிட்டின் கம்பு அதற்கு எட்டாது, எட்டாவிட்டாலும் பரவாயில்லை, முன்பு இருந்த அதே 12 மி.மீ. பிடிமானம் இருக்கும். வெளியே தெரியும் ஓட்டையை அதே கம்பிலிருந்து அறுத்த சின்னத் துண்டால் அடைத்துவிடலாம். என்றாவது ஒரு கம்பு முறிந்தால், மிச்சத்தை அறுத்து எடுத்து, இரண்டு துளையையும் அதே பிட்டால் சுத்தம் செய்து, வெளியிலிருந்து புதுக் கம்பை நுழைத்துப் பசை போட்டால் வேலை முடிந்தது. உதிரிக் கம்பு கம்பெனி விற்பதில்லை, 15 மி.மீ. பீச் கம்பு கிடைக்கிற இடத்தில் இரண்டு வாங்கிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.